மளிகைக் கடை இருப்புக் கணக்கு: எக்செலா, போன் செயலியா, டேலியா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து மளிகைக் கடைகளில் சரக்கு இரண்டு ரகம். சோப்பு, பிஸ்கட், பேஸ்ட் எல்லாம் பார்கோடோடு வந்து பார்கோடோடு போய்விடும். இரண்டாயிரம் ரூபாய் ஸ்கேனரை யுஎஸ்பியில் செருகினால் எந்த மென்பொருளிலும் வேலை நடக்கும், அதைப் பற்றி அலச ஒன்றும் இல்லை. உளுந்து, துவரை, வத்தல், கல்பாசி, கவுனி அரிசி போன்றவைதான் தொல்லை. மூட்டையாக வந்து, கிலோவாகவும் கிராமாகவும் வெளியே போகிறவை. மூட்டையை உடைத்த பிறகு கணக்கு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். என் ஓட்டு டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு.

பொருள் குறைவாக உள்ள சின்னக் கடைக்கு எக்செல் தாங்கும். வரவு, செலவு இரண்டையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, இன்னொரு தாளில் பொருள்வாரியாகக் கூட்டும் ‘சம்இஃப்ஸ்’ சூத்திரம் போட்டால் இருப்பு வந்துவிடும். ஆனால் பொருளின் பெயரை வைத்துத் தேடவே கூடாது. ‘மொச்சை’யில் உள்ள ‘மொ’வை ஒரு விசைப்பலகை கொம்பும் காலுமாகப் பிரித்து அடிக்கும், இன்னொன்று ஒரே குறியாக அடிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பாதி மொச்சை கணக்கிலேயே வராமல் போய்விடும். ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, அதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி பூட்டிவிட வேண்டும்.

உள்ளூர்ப் பையன் எழுதித் தரும் மென்பொருள் நம் வேலைக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். அவர் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிய பிறகு? 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், நெய்க்கெல்லாம் ஜிஎஸ்டி 5 சதவீதமானது. வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் அன்று கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வழிக்குப் போகிறவர்கள் தரவுத்தளக் கடவுச்சொல்லையும், எல்லாப் பட்டியலையும் சிஎஸ்வியாக (வேறு மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) இறக்கும் வசதியையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

போன் செயலிக்கு வருவோம். பில் போட இதைவிட எளிது எதுவும் இல்லை, தனியாகக் கணினி வேண்டாம், மாதாந்திர மின்தடை நாளிலும் ஓடும். இரண்டு அலகு வைக்கவும் விடும்: 1 மூட்டை = 50 கிலோ என்று ஒருமுறை சொன்னால் போதும். சிக்கலும் அங்கேதான். எல்லா மூட்டையும் 50 இல்லை. துவரை 30 கிலோவிலும் வரும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய பைகளுக்கு 5 சதவீத வரி வந்த பிறகு, அரிசிச் சிப்பம் 26 கிலோவாகவும் வர ஆரம்பித்துவிட்டது. 25 என்று பதிந்த பொருளில் 26 கிலோ பை பத்து இறங்கினால், கடையில் இருக்கும் 10 கிலோ கணக்கில் இருக்காது. எந்த மென்பொருளானாலும் அடிப்படை அலகு கிலோவாகவே இருக்கட்டும். மூட்டை எண்ணிக்கையைக் குறிப்பாக எழுதிக்கொண்டால் போதும்.

இனி உடைப்பு. ஓர் உளுந்து மூட்டை 50 கிலோ, விலை ரூ. 6,000 என்று வைத்துக்கொள்வோம். கிலோ 120. புடைத்து, கல்லும் தூசும் நீக்கி, பாக்கெட் போட்டால் ஒரு கிலோவில் 30, அரைக் கிலோவில் 38. மொத்தம் 49 கிலோ. ஒரு கிலோ போயிற்று. கவர் ஒன்று ஒரு ரூபாய் என்றால் 68 ரூபாய் சேர்ந்து அடக்கம் ரூ. 6,068. அதாவது கிலோவுக்கு 123.84. வரி நீங்கலாக 130-க்கு விற்கும் கடைக்காரர் பத்து ரூபாய் லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், கைக்கு வருவதோ 6.16. பல போன் செயலிகளில் இதை ‘சரக்குத் திருத்தம்’ என்று இரண்டு தனிப் பதிவாகத்தான் போட முடியும்: மூட்டையில் கழி, பாக்கெட்டில் கூட்டு. அளவு சரியாகும், விலை பின்னால் வராது. உற்பத்திப் பகுதி உள்ள செயலிகளும் உண்டு. சந்தா கட்டுமுன் இந்த ஓர் உளுந்து மூட்டையை அதில் உடைத்துப் பார்த்துவிடுங்கள்.

டேலியில் ஆல்ட் + எஃப்7 அடித்தால் ஸ்டாக் ஜர்னல், அதாவது ஒரு சரக்கைக் கழித்து இன்னொன்றாக வரவு வைக்கும் பதிவு. இடப்பக்கம் ‘உளுந்து மொத்தம்’ 50 கிலோ, கவர் 68. வலப்பக்கம் ஒரு கிலோ பாக்கெட் 30, அரைக் கிலோ 38. வலப்பக்க விலையை நாமே கணக்கிட்டு இட வேண்டும்; இரு பக்கத் தொகையும் சமமா என்று பார்த்த பிறகே சேமிக்க வேண்டும். அவசரத்தில் பழைய விலையை அப்படியே விட்டால் லாபக் கணக்கு பொய் சொல்லும். மூட்டையிலிருந்து நேரே நிறுத்து விற்பதற்கு ‘உளுந்து சில்லறை’ என்று தனிப் பொருள் வையுங்கள். இதற்கு வரிக் காரணமும் உண்டு. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் உளுந்துக்கு வரி இல்லை, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். ஒரே பொருளாக வைத்தால் இரண்டில் ஒன்று தப்பாகும்.

உடைப்பவர் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: தேதி, பொருள், எடுத்த எடை, வந்த பாக்கெட், கழிவு. ராத்திரி கடை அடைக்குமுன் சீட்டு கணினியில் ஏறிவிட வேண்டும். இருப்பு உதைத்தால் முதலில் தேட வேண்டியது ஏறாத சீட்டைத்தான், அடுத்தது அரைக் கிலோவை ஒரு கிலோ என்று பில் போட்டதை. திருட்டு, எலி எல்லாம் அதற்கப்புறம். தினமும் காலையில் பத்துப் பொருளை மட்டும் நிறுத்து, கன்ட்ரோல் + எஃப்7-இல் நேரடி இருப்பைப் பதிந்தால் ஆண்டுக்கொருமுறை கடையை மூடி எண்ணும் வேலை மிச்சம்.

மறுகொள்முதல் அளவு எளிய கணக்குதான். நாளுக்கு 6 கிலோ விற்று, விருதுநகர் சரக்கு வர 4 நாள் ஆகி, கையிருப்புப் பாதுகாப்புக்கு 2 நாள் சேர்த்தால் 36 கிலோ. ஆனால் பூட்டிக் கிடந்த வீட்டில் கல்யாணம் வைத்து, சமையல் மாஸ்டர் எழுதிய சாமான் சீட்டு ஒன்று வந்தால் ஒரே நாளில் 40 கிலோ போகும். அதைச் சராசரியில் சேர்த்தால் அடுத்த மாதம் தேவையில்லாத மூட்டை வந்து வண்டு விழும். கல்யாணச் சீட்டை ஆர்டராகத் தனியே பதியுங்கள்.

டேலியின் குறைகளும் உண்டு. சில்வர் உரிமம் ஒரு கணினிக்குத்தான். ஒருவர் பில் போட, இன்னொருவர் வரவு ஏற்ற வேண்டுமானால் செலவு கூடும். மலிவான தெர்மல் பிரின்டரில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வரலாம், வாங்குமுன் ஒரு பில் அடித்துப் பாருங்கள். தரவு அந்தக் கணினியிலேயே கிடப்பதால் வாரம் ஒரு நகல் கடைக்கு வெளியே போக வேண்டும். பணம் கட்டுமுன் ‘எஜுகேஷனல்’ முறையில் ஓட்டிப் பார்க்கலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிய விடும், பட்டியல் போட்டு உடைப்பைச் சோதிக்க அது போதும். இவ்வளவுக்கும் பிறகு டேலி பக்கம் சாய்வதற்குக் காரணம் ஆள்தான். பார்க்கிற பையன் நின்றுவிட்டால், டேலி தெரிந்த இன்னொருவர் காரைக்குடியில் கிடைப்பார். ஆடிட்டரும் அதே கோப்பைத்தான் கேட்பார்.

ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் இதை அப்படியே தூக்கிக்கொண்டு போக மாட்டேன். கண்டாங்கிச் சேலையில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். எவர்சில்வரை எடையில் வாங்கி எண்ணிக்கையில் விற்கிறோம், ஒரே அளவுச் சட்டி இரண்டு ஒரே எடையில் நிற்காது. அங்கே ஒவ்வொரு உருப்படிக்கும் எடையோடு லேபிள் அடிக்கும் வசதிதான் முதல் கேள்வி.