கரண்ட் போன வீட்டில் ஷாக்: வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூரில் காட்பாடி, விருதம்பட்டு, சத்துவாச்சாரி பக்கம் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். 'மின் பாதுகாப்பு ஆய்வு' என்று சொல்லிக்கொண்டு வந்த இருவரிடம் 17,300 ரூபாய் கொடுத்து ஏமாந்தவள் நான். பணம்கூடப் போகட்டும். அவர்கள் செய்துவிட்டுப் போன வேலையால் எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

காந்தி நகரில் எங்கள் வீடு. கீழ்த்தளம் 1994-ல் என் கணவர் இருந்தபோது கட்டியது. மாடி 2009-ல் நானே நின்று கட்டியது. மாடிக்குத் தனி மீட்டர். அங்கே குடியாத்தத்துக்காரர்கள், ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும், மூன்று வருடமாக இருக்கிறார்கள். போன வருஷம் மார்ச் மாதத்தில் அந்தப் பெண் வந்து, "ஆன்ட்டி, பிரிட்ஜைத் தொட்டா லேசா சுருக்குனு இருக்கு" என்றாள். ஆள் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே வாரம் கேட்டுக்கு அடியில் ஒரு நோட்டீஸ் கிடந்தது.

மின்னல் குறி போட்டு, பார்த்தால் இ.பி. நோட்டீஸ் போலவே இருந்தது. வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை மின் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம், இல்லாவிட்டால் 30,000 வரை அபராதம், வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் முடியாது என்று அச்சடித்திருந்தார்கள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தச் சுருக்கு மனதில் இருந்ததால் நேராகப் போன் போட்டுவிட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேடு. மூன்று சின்ன விளக்குள்ள ஒரு பிளக்கை ஒவ்வொரு சாக்கெட்டாகச் செருகிப் பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது. "மாடியில எர்த்தே இல்லம்மா. ரொம்ப டேஞ்சர்" என்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்கள் சொன்னது நிஜம். மாடிக்கு வயரிங் செய்தவர், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் எர்த் வயரை ஏற்றவே இல்லை. மூன்று ஓட்டை சாக்கெட்டில் மேல் ஓட்டை சும்மா அழகுக்கு இருந்தது. முழுப் பொய்யாக இருந்தால் நான் சுதாரித்திருப்பேனோ என்னவோ. ஆய்வுக்கு 2,500. மறுநாள் வந்து ஏழு சாக்கெட்டுக்கும் 'எர்த் கொடுத்து', ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ஈ.எல்.சி.பி. என்று ஒன்றையும் மாட்டி 14,800. அதே பிளக்கைச் செருகிக் காட்டினார்கள், இப்போது சரியான விளக்குகள் எரிந்தன. பிரிட்ஜிலும் சுருக்கு நின்றுவிட்டது. ஹோலோகிராம் ஒட்டி லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அதை பீரோவில் பத்திரத்தோடு வைத்தேன்.

எர்த் கொடுத்ததாகச் சொன்னவர்கள் மண்ணில் ஒரு குழி தோண்டவில்லை, கீழிருந்து மாடிக்கு ஒரு வயர் இழுக்கவில்லை. அப்படியானால் அந்த எர்த் எங்கிருந்து வந்தது? எனக்கு அப்போது தோன்றவில்லை.

அக்டோபரில் மழை பிடித்ததும் அந்தப் பெண் மறுபடி வந்து நின்றாள். "ஆன்ட்டி, திரும்பவும் சுருக்குனு அடிக்குது." நான் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "சர்டிபிகேட்டே வாங்கி வெச்சிருக்கேன்மா. ஈரக் கையோட தொட்டிருப்பீங்க" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் மாடி ஏறிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி. நல்ல மழை. மாடியில் மட்டும் கரண்ட் போய்விட்டது, எங்களுக்குக் கீழே இருந்தது. மகள் நைட் டூட்டிக்குப் போயிருந்தாள். அம்மா செல்போன் வெளிச்சத்தில் பால் எடுக்கப் போய், வெறுங்காலோடு பிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டிருக்கிறார். தூக்கி எறிந்த சத்தம் கீழே கேட்டது. ஓடினேன். லைட் எரியாத வீட்டில் ஷாக் அடிக்கும் என்று யார் நினைப்பார்கள்? நானும் அந்தப் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. மணிக்கட்டில் எலும்பு முறிவு, இ.சி.ஜி. எடுத்து இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தார்.

மறுநாள் சேண்பாக்கத்திலிருந்து ஒரு பழைய வயர்மேன் வந்தார். அரசு வாரியத்தின் கம்பியாள் சான்றிதழ் உள்ளவர். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் மெயினை இறக்கியது. பிறகு ஒரு சாக்கெட்டைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு வயர். ஏழு சாக்கெட்டிலும் அதேதான். இதுதான் 14,800 ரூபாய் எர்த்.

"கரண்ட் போவலம்மா. நியூட்ரல்தான் போச்சு. பேஸ் உள்ள வந்துக்கினே இருக்குது" என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பேஸில் வரும் மின்சாரம் லைட், ஃபேன், பிரிட்ஜ் மோட்டார் வழியாகப் போய் நியூட்ரலில் திரும்ப வேண்டும். அந்தத் துண்டு வயரால் பிரிட்ஜின் இரும்பு உடம்பு நியூட்ரலோடு கட்டப்பட்டிருந்தது. நியூட்ரல் நன்றாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, சுருக்குகூட நின்றது. வராந்தாவில் சாரல் படும் இடத்தில் இருந்த மெயின் போர்டில் நியூட்ரல் திருகு துருப்பிடித்துத் தளரத் தளரச் சுருக்கு திரும்பி வந்தது. அன்றைக்கு முழுதாக விட்டுப்போனதும் திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் துண்டு வயர் வழியாக பிரிட்ஜ் உடம்புக்கு வந்து நின்றது. லைட் எரியாது, தொட்டால் ஆளைக் கொல்லும். முன்பு எர்த் இல்லாமல் வெறும் ஓட்டையாக இருந்தபோது இந்த ஆபத்து இல்லை. அந்த மூன்று விளக்குப் பிளக் நிஜ எர்த்துக்கும் இந்தத் திருட்டு எர்த்துக்கும் வித்தியாசம் காட்டாதாம்.

அடுத்தது அந்த ஈ.எல்.சி.பி. வயர்மேன் சிரித்துவிட்டார். அது வெறும் எம்.சி.பி. ஷார்ட் ஆனாலோ லோடு மீறினாலோதான் எம்.சி.பி. விழும், மனிதன் உடம்பு வழியாகப் போகும் மின்சாரம் அதற்குக் கொசுக்கடி. ஈ.எல்.சி.பி., இப்போது ஆர்.சி.சி.பி. என்கிறார்கள், போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒன்றா என்று பார்க்கும். வீட்டுக்கு மாட்டுவது 30 மில்லி ஆம்பியர். அந்த வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அன்று அது இருந்திருந்தால் அம்மாவுக்குக் கை முறியாமலே இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் லிவர் கீழே விழ வேண்டும். பொத்தானே இல்லையென்றால் அது எம்.சி.பி.தான், பில்லில் என்ன எழுதியிருந்தாலும்.

சரி, அந்த 5 ஆண்டுச் சட்டம்? இதை அவிழ்த்தது பர்மிங்ஹாமில் வாடகை வீட்டில் இருக்கும் என் தங்கை மகன். நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினேன். "பெரியம்மா, இது எங்க ஊர் ரூல்" என்றான். இங்கிலாந்தில் 2020-ல் அப்படி ஒரு விதி வந்தது. 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும், அறிக்கையைக் குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் தர வேண்டும், மீறினால் அப்போது 30,000 பவுண்டு வரை அபராதம். அந்த முப்பதாயிரத்தை அப்படியே எடுத்து ரூபாய் போல அச்சடித்திருக்கிறார்கள்! அங்கே அவன் வீட்டில் சோதனைக்கு வந்தவர் அரை நாள் இருந்தாராம். பாதி நேரம் கரண்டை நிறுத்திவிட்டு, போர்டைத் திறந்து, உடனே ஆபத்து, ஆபத்து வரக்கூடும், சரி செய்தால் நல்லது என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு குறி போட்டிருக்கிறார். என் வீட்டுக்கு வந்தவர்கள் ஆய்வின்போது மெயினை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, ஒரு சாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் வாடகைச் சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றி 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அதில் மின் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் அதன் அட்டவணையில் வீட்டின் உள், வெளி வயரிங் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு, சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். எர்த் இல்லாதது என் குறை. ஆஸ்பத்திரிச் செலவை நான்தான் கட்டினேன். இ.பி. ஆபீஸில் விசாரித்தபோது, வீட்டுக்குள் ஆய்வுக்கு யாரையும் அனுப்பிப் பணம் வாங்குவதில்லை என்றார்கள். இப்படி யாராவது வந்தால் இ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சேண்பாக்கத்துக்காரர் ஒன்றரை நாள் வேலை செய்தார். பின்பக்கம் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து மாடிவரை பச்சை வயர் இழுத்தார். மெக்கர் என்ற கருவியை வைத்து வயரின் இன்சுலேஷன் பார்த்தார், தரையில் கம்பிகளை நட்டு எர்த்தை அளந்தார். நியூட்ரல் இணைப்பைப் புதிதாக மாற்றி, போர்டைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்தினார். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. மொத்தம் 23,000 ஆனது. போகும்போது, "வேலூர் வெயில்ல குழி காஞ்சிடும்மா. சித்திரை, வைகாசியில ரெண்டு குடம் தண்ணி ஊத்திடுங்க" என்றார். மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாதாம்.

ஏமாற்றியவர்களின் போன் இப்போது உபயோகத்தில் இல்லை. ரசீதில் இருந்த முகவரியில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஜி.பே.யில் பணம் போன பெயரும் ரசீதில் உள்ள பெயரும் வேறு வேறு. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் விருதம்பட்டில் ஒருவர் வீட்டு கேட்டுக்கு அடியிலும் மின்னல் குறி போட்ட நோட்டீஸ் கிடந்ததாம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். மாடி அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். பிரிட்ஜை மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் திறக்கிறார்.