மீட்டிங் நடத்தப் பயிற்சி: வீடியோ பாடமா, நேரலை வகுப்பா?

கிளையன்ட் மீட்டிங்கை ஆங்கிலத்தில் நடத்தும் டீம் லீட்களுக்கு ஆன்லைனிலேயே பயிற்சி தர வேண்டும். எங்கள் சென்னை அலுவலகத்தில் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தபோது கையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வீடியோ பாடங்களை வாங்கி எல்எம்எஸ் என்கிற ஆன்லைன் பயிற்சித் தளத்தில் ஏற்றிவிட்டு, அவரவர் வசதிப்படி பார்க்கச் சொல்வது. மற்றது, ஆறு ஆறு பேராகப் பிரித்து ஜூமில் நேரலை வகுப்பு. நான் எடுத்தது இரண்டாவதை. அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

வீடியோவின் நன்மைகள் ஊரறிந்தவை. தலைக்கு ஆகும் செலவு குறைவு, ஷிஃப்ட் இடிக்காது, எத்தனை பேர் சேர்ந்தாலும் நமக்குக் கூடுதல் வேலை இல்லை, யார் எத்தனை சதவீதம் முடித்தார்கள் என்ற கணக்கு எச்ஆருக்குத் தானாகவே போய்விடும். அஜெண்டா தயாரிப்பது, மினிட்ஸ் எழுதுவது போன்றவற்றுக்கு வீடியோவே போதும். நாங்களும் அவற்றை அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

நேரலை வகுப்பின் பெரிய தலைவலி நேரம். எங்கள் கிளையன்ட்கள் இருக்கும் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மாலையைத் தொடவே முடியாது. பிற்பகல் 3 மணி என்றால் லண்டன் டீம் அப்போதுதான் காலை வேலையைத் தொடங்கியிருக்கும். கடைசியில் மிஞ்சுவது முற்பகல்தான்.

இத்தனை சிரமத்தையும் ஏற்றுக்கொண்டதற்கு ஒரே ஒரு காரணம்: புரியாததை அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்கும் பழக்கம். டென்மார்க் நிறுவனங்களின் ஏற்றுமதி வியாபாரத் தொலைபேசிப் பேச்சுகளை ஆலன் ஃபிர்த் என்ற ஆய்வாளர் 1996-ல் அலசினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள், புரியாத இடம் வந்தால் பெரும்பாலும் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டுப் பேச்சை நகர்த்துகிறார்கள் என்று அவர் கவனித்தார். பின்னால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை. பல நேரம் புரிந்தும் விடுகிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது நல்ல உத்தி. மீட்டிங்கை நடத்துபவருக்கு இதே உத்தி ஆபத்து. நியூயார்க் கிளையன்ட் ‘பை எண்ட் ஆஃப் டே’ என்கிறார், எல்லோரும் ‘ஷ்யூர்’ என்கிறார்கள். யாருடைய நாள்? அவருடைய மாலை 5 மணி கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30. நடத்துபவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

இதை வீடியோவில் சொல்லலாம், பழக்க முடியாது. எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு எட்டு நிமிடம் தலைமை. மீதி நேரம் அலசல். மற்ற ஐந்து பேருக்கும் தனித்தனியாக சாட்டில் ஒரு வேடம் போகும். ஒருவர் கிளையன்ட்டாக நிறுத்தாமல் பேச வேண்டும், ஒருவர் வாயே திறக்கக் கூடாது, ஒருவர் தேதி சொல்லாமல் ‘வில் செக்’ என்றே மழுப்ப வேண்டும். தலைமை தாங்குபவருக்கு இது எதுவும் தெரியாது.

ஒரு வகுப்பில் கிளையன்ட் ‘டேவிட்’ சர்வர் மாற்றத்தைப் பற்றி அளந்துகொண்டே போனார். தலைமையில் இருந்த பெண் மியூட்டை எடுத்து ‘சாரி சார்’ என்று முனகிவிட்டு மறுபடி மியூட் போட்டுக்கொண்டார். டிரெயினர் நிறுத்தினார்: “சாரியில ஆரம்பிக்காதீங்கம்மா. அவர் மூச்சு விடுற இடத்துல பேரைச் சொல்லுங்க, தன்னால நிப்பாரு.” அடுத்த முறை: ‘டேவிட், தேங்க் யூ. லெட் மீ செக் ஒன் திங்.’ டேவிட் நின்றார். ஆங்கிலம் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்தது. பெரியவர் பேச்சில் குறுக்கே புகக் கூடாது என்ற வளர்ப்புதான் தடுத்தது. அதைத் தாண்ட, எதிரே பதில் பேசும் ஆள் ஒருவர் வேண்டும்.

உச்சரிப்புக்கு நான் நேரம் ஒதுக்கவில்லை. விற்பனைக்கு வந்த சில வீடியோ தொகுப்புகள் பாதி நேரத்தை அதற்கே செலவழித்தன. பல நாட்டவர் கலந்து பேசும் இடத்தில் ‘தேங்க்’ என்பதில் வரும் ‘th’ ஒலியைவிட, வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதே புரிதலுக்கு முக்கியம் என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-லேயே சொல்லிவிட்டார்.

அளவிடுவதிலும் வீடியோ பக்கம் எனக்குத் திருப்தியில்லை. ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ராகுடென் 2010-ல் ஆங்கிலத்தை அலுவலக மொழியாக அறிவித்து, ஊழியர்களுக்கு டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் இலக்கு வைத்தது. அந்தத் தேர்வின் கேட்டல்-வாசித்தல் தாளில் 990-க்கு 990 வாங்க வாய் திறக்கவே வேண்டாம். வீடியோ பாடத்தின் கடைசியில் வரும் வினாடி வினாவும் அந்த ரகம். நாங்கள் ஜூம் டிரான்ஸ்கிரிப்டை எடுத்து ஒன்றே ஒன்றைப் பார்க்கிறோம்: மீட்டிங் முடியும்முன் முடிவு, பொறுப்பாளர், தேதி மூன்றையும் தலைவர் வாய்விட்டுச் சொன்னாரா? நம் பெயர்களை அது கண்டபடி எழுதும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நேரலையில் குறையும் உண்டு. ஆறு பேரும் தமிழர் என்றால் பிரேக்அவுட் ரூமுக்குள் (ஜூமில் சிறு குழுவாகப் பிரிந்து பேசும் அறை) போனதும் தமிழில் இறங்கிவிடுவார்கள். ஹைதராபாத், புனே கிளைகளைக் கலந்த பிறகுதான் அது அடங்கியது. ஜப்பானியர், ஜெர்மானியரோடு மீட்டிங் நடத்துபவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எங்கள் கிளையன்ட்கள் அமெரிக்காவும் பிரிட்டனும்தான். ஏஐ பாட்டோடு பேசிப் பழகுவதை எங்களில் ஓரிருவர்தான் முயன்றிருக்கிறார்கள். தனியாகப் பேசிக் கூச்சம் போக்க உதவுகிறது என்கிறார்கள். ஐந்து பேரில் யாரை நிறுத்தி யாரைப் பேசவைப்பது என்பதற்கு அது உதவுமா என்பது எனக்குச் சந்தேகமே. இன்னொன்று, எல்லாம் டிரெயினர் கையில் இருக்கிறது. நல்லவர் விலகினால் வகுப்பு படுத்துவிடும், வீடியோவுக்கு அந்தக் கவலை இல்லை.

நூற்றுக்கணக்கில் ஆட்கள், டிரெயினர் ஒருவரும் இல்லை என்றால் வீடியோவையே வாங்குங்கள். கூடவே டீம் லீட்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் நடத்தும் நிஜ மீட்டிங்கில் இன்னொருவரை மாதம் ஒருமுறையாவது உட்காரவையுங்கள். முடிந்ததும் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எந்த இடத்துல உங்களுக்குப் புரியாமலே தலையாட்டுனீங்க?”