பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி.: டெல்டா நேரடி விதைப்பு வயலில் ஒரு மதிப்பீடு

நாற்று நடவைக் கைவிட்டு நேரடி விதைப்புக்கு மாறிய டெல்டா விவசாயிகளிடம் இன்று அதிகம் புழங்கும் களைக்கொல்லிகளுள் பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி. (பத்து சதவீத மருந்துள்ள கூழ்ம நீர்மம்) ஒன்றாகும். பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. மன்னார்குடிப் பக்கத்துச் சம்பா வயலில் பயன்படுத்திப் பார்த்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

ஏக்கருக்கு 80 முதல் 100 மி.லி. போதும். களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது வயலை வடித்து, தட்டை விசிறி நாசில் கொண்டு சீராக அடித்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்டினால், குதிரைவாலிக் களையும் கோரையும் குருத்திலிருந்து மஞ்சளித்து மெல்ல மடிகின்றன. நெல்லில் தோன்றும் இலேசான வெளுப்பு விரைவில் தெளிந்துவிடுகிறது. ஆள் கிடைக்காத பருவத்தில் இது பெரிய உதவிதான். ஆனால் லெப்டோக்ளோவா புல்லை இது அடக்காது. அப்புல் மிகுந்த வயலுக்கு இதை மட்டும் நம்பி வாங்குவது வீண் செலவு.

இம்மருந்தை எடைபோட வேண்டிய இடம் செத்த களையன்று, பிழைத்த களையே. அடித்த மூன்றாம் வாரம் வயலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சவ்வு போன்ற நாக்கு உண்டு, குதிரைவாலிக்கு இல்லை. இதைக் கொண்டு இளம் பயிருக்குள்ளும் அதைப் பிரித்தறியலாம். பிழைத்தவை நேர்கோடாக நின்றால் தெளிப்பில் விட்டுப்போன பட்டை என்று கொள்ளலாம். ஒரே உயரமுள்ள இரண்டு குதிரைவாலிச் செடிகளில் ஒன்று கருகி, அதை ஒட்டி நிற்பது பச்சையாகத் தூர் கட்டியிருந்தால், அங்கே மருந்துக்கு மடியாத எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்க வேண்டும்.

வேலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்களை உருவாக்கும் ஏ.எல்.எஸ். என்னும் நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குவதே இம்மருந்தின் வேலை. அந்நொதியில் 574-ஆம் இடத்திலுள்ள டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் லியூசினாக மாறிப் பிறந்த செடியில் மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இத்தகைய மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. பல இலட்சம் செடிகளில் ஒன்றிரண்டாக முன்பே இருப்பதை, மற்றவற்றை அழித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. குதிரைவாலி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், தப்பிய செடியின் மரபணு வெளியார் கலப்பில் கரைந்துபோகாமல் சில தலைமுறைகளில் தூய வடிவில் நிலைத்துவிடுகிறது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். மண்ணில் பழைய ஆண்டுகளின் விதை இருப்பு கலந்து முளைப்பதால் பெருக்கம் முதலில் கண்ணில் படாது. படும்போது வயலில் பாதி அதுவாக இருக்கும்.

இது ஏதோ வெளிநாட்டுக் கவலையன்று. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்யூரான் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத ஃபலாரிஸ் மைனர் என்னும் களைப்புல் 1990-களின் தொடக்கத்திலேயே தலைதூக்கியது. நம் மருந்துக்கே அடங்காத கோரை இனமான சைப்ரஸ் டிஃபார்மிஸ், சத்தீஸ்கர், கேரள நெல்வயல்களில் இருப்பதை 2021-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இங்கே கடைக்காரர்கள் சொல்லும் ‘மருந்தை மாற்றி அடியுங்கள்’ என்ற அறிவுரையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முளைக்குமுன் பைரசோசல்ப்யூரான், முளைத்தபின் பிஸ்பைரிபேக் என்று அடிப்பவர் இரண்டு மருந்து அடித்ததாக நினைக்கிறார். இரண்டும் தாக்குவது அதே ஏ.எல்.எஸ். நொதியை. பினாக்சுலமும் அதே கூட்டம்தான். பிரெட்டிலாகுளோர், பெண்டிமெத்தலின், சைஹாலோபாப் ஆகியவை வேறு வேறு இடத்தில் தாக்குபவை. நான் வாங்கிய குப்பியோடு வந்த மடிப்புத் தாளில் பயிர், களை, அளவு எல்லாம் இருந்தன. மருந்து எந்த இடத்தில் தாக்கும் பிரிவு என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது.

அளவைக் குறைத்து அடிக்கும் பழக்கமும் கெடுதல். நொதியில் பெரிய மாற்றம் இல்லாமலே, மருந்தைச் சிறிது வேகமாகச் சிதைக்கவல்ல செடிகள் அரைகுறை அளவில் தப்பி, தம்முள் கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை அத்திறனைச் சேர்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் புல்லை வேறொரு மருந்தின் குறைந்த அளவில் வளர்த்துச் சோதித்தபோது, ஒரு சில தலைமுறைகளிலேயே எதிர்ப்புத்திறன் தெரிந்தது. ரைகிராஸ் அயல் மகரந்தம் ஏற்கும் புல். குதிரைவாலியில் இவ்வேகம் இராது என்பது என் எண்ணம்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். விதைத்த உடனே பெண்டிமெத்தலினோ, சேற்று விதைப்பானால் நெல்லுக்குக் காப்பு மருந்து சேர்ந்த பிரெட்டிலாகுளோரோ அடித்து, அதற்குப் பின் இதை முழு அளவில் ஒரு முறை பயன்படுத்துபவர் தாராளமாக வாங்கலாம். பிழைத்து நிற்பவற்றைக் கதிர் முற்றுமுன் கையால் பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் அடுத்த வயலிலிருந்து நேராக இறங்கும்போது அதன் சல்லடையிலும் சங்கிலியிலும் ஒட்டிய விதையும் கூடவே இறங்குவதால், அறுப்புக்கு முன் வண்டியைத் தட்டித் துடைக்கச் சொல்லி நிற்பதும் இம்மருந்துச் செலவோடு சேர்ந்த வேலையே.