ரிசீவரோடு தனி பவர் ஆம்ப்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடுவது 7 சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவர். அதன் ப்ரீ-அவுட்டிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பெருக்காத சிக்னல் வெளிவரும் துளை) ஒரு இரண்டு சேனல் பவர் ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் தனிப் பெட்டி, முன் ஸ்பீக்கர்களை ஓட்டுகிறது. சென்டரும் சரவுண்டும் ரிசீவரிலேயே. சில வருஷமாக இதே ஜோடிதான். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "எத்தனை வாட்ஸ் சார்? சத்தம் டபுளா வருமா?"

வராது. 100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். சத்தத்துக்காக வாங்க நினைப்பவர் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

நான் வாங்கியது என் 4 ஓம் ஸ்பீக்கர்களுக்காக. 8 ஓம் ஸ்பீக்கரைவிட இவை அதிக கரண்ட் இழுக்கும். ரிசீவர் அட்டைப்பெட்டியில் போடுகிற வாட்ஸ் பெரும்பாலும் 8 ஓமில், இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. தவில் தனி ஆவர்த்தனம் போட்டால் வித்தியாசம் புரியும். வலப்பக்க வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழுகிற வேகம், இடப்பக்கத் தொப்பியில் கழி அடித்து நிற்கிற இடம் இரண்டும் முன்பு வால்யூம் ஏற ஏறக் குழம்பும், ரிசீவரின் மேல்தகடும் கை வைக்க முடியாமல் சுடும். இப்போது ஒவ்வொரு அடியும் தனித்தனி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாதஸ்வரப் பதிவுகளில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கு இந்த ஆம்பெல்லாம் வேண்டியதும் இல்லை.

பொருத்தம் பார்க்க வேண்டியது கெயினில். 29 டெசிபல் கெயின் என்றால் உள்ளே போகும் வோல்ட்டை ஏறக்குறைய 28 மடங்காக்கும். 1 வோல்ட் கொடுத்தால் 28 வோல்ட். 8 ஓமில் அது 100 வாட்ஸ் சுமார். அதே ஆம்ப் 23 டெசிபல் கெயினில் இருந்தால் 2 வோல்ட் கேட்கும். ரிசீவரின் ப்ரீ-அவுட் அவ்வளவு சுத்தமாகக் கொடுக்குமா என்று பார்க்காமல் வாங்கினால், பெரிய ஆம்ப் பாதி வேலைதான் செய்யும். கெயின் மிக அதிகமானாலும் தொல்லை: அமைதியான காட்சியில் ஸ்பீக்கரிலிருந்து 'உஸ்' கேட்கும். ஆம்ப் மாட்டியதும், மைக் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் சரிசெய்யும் ஆடிஸி போன்ற ரூம் அளவீட்டை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முன் இரண்டும் கத்தும், வசனம் அமுங்கிப்போகும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் சேனல் அளவு மைனஸ் 12 டெசிபல் வரைதான் இறங்கும். அளவீடு அங்கே போய் முட்டி நின்றால் ஆம்பின் கெயினைக் குறைக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது 'உம்ம்' சத்தம். எங்கள் வீட்டில் அது வந்தது கேபிள் டிவி வயர் வழியாக. செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த வயரைக் கழற்றியதும் நின்றது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "எர்த் பின்னை ஒடிச்சு விட்டுடலாம் சார், நின்னுடும்" என்றார். நிற்கும்தான். ஆனால் ஆம்புக்குள் ஏதாவது கசிந்தால் உலோகப் பெட்டி முழுக்க ஷாக். கேபிள் வயரில் ஐசோலேட்டர் ஒன்றை (வயர் வழியாக வரும் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்னக் கருவி) போட்டேன், அதோடு ஆம்பையும் ரிசீவரையும் ஒரே ப்ளக் பாயின்ட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரச்சினை தீர்ந்தது.

பம்ப்செட் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரத்தில் இங்கே வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் போடுவதானால் டிவிக்குப் போடுகிற சின்னதை ஆம்புக்குப் போடாதீர்கள். பேஸ் அடிக்கும்போது அதுவே மூச்சுத் திணறும். சதுர அலை இன்வெர்ட்டரில் ட்ரான்ஸ்ஃபார்மர் முனகும். கரண்ட் போனால் நான் படத்தை நிறுத்திவிடுவேன். ஐப்பசி இடி மின்னலுக்கு ப்ளக்கையே பிடுங்கிவிடுவது வழக்கம். அந்த ஈரத்தில் ரிசீவரையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ வயரின் பின்கள் மங்கும், கழற்றித் துடைத்து மாட்டினால் சரி. காற்றுத் துளைகளில் எறும்பு ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

12 வோல்ட் ட்ரிகர் வயர் இருக்கிற மாடலாகவே வாங்குங்கள். ரிசீவரை அணைத்தால் ஆம்பும் அணையும். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் மறப்பார், ராத்திரி முழுக்கச் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும்.

சென்டருக்கும் தனி ஆம்ப் வேண்டுமா என்றால், அதற்குப் போகும் ஒலியை 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழுள்ள பேஸை சப்வூஃபருக்கு அனுப்பிய பிறகு எனக்குத் தேவைப்படவில்லை. அந்தக் காசுக்கு சப்வூஃபரைத்தான் மாற்றுவேன்.