காலணி பில்லும் விடுதிப் பதிவேடும்: நிரலை யார் எழுதுவது?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பொருள் விற்கும் சிறு நிறுவனமோ, வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வெளிமாநில நோயாளிகளை நம்பி நடக்கும் தங்கும் விடுதியோ தனக்கென்று ஒரு மென்பொருள் செய்துகொள்ள நினைத்தால், இன்று மூன்று வழிகள் உள்ளன. நிரலாளர் ஒருவரை அமர்த்தி எல்லாவற்றையும் அவரே எழுதச் செய்வது முதல் வழி. அதே நிரலாளர் செயற்கை நுண்ணறிவை எழுதவிட்டு, வருவதை வரிவரியாகப் படித்துத் திருத்திச் சேர்ப்பது இரண்டாவது. நிரல் தெரியாத ஒருவர் வேண்டியதைச் சொல்லி, வருவதைப் படிக்காமலே ஓடவிடுவது மூன்றாவது. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி ‘வைப் கோடிங்’ என்று பெயரிட்டது இதற்குத்தான். டாலி போன்ற ஆயத்த மென்பொருளே போதும் என்பவர்கள் இந்த அலசலைத் தாண்டிப் போகலாம். உண்மையில் பல கடைகளுக்கு அதுவே போதும்.

வேகத்தில் பின்னிரண்டும் முந்தும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்து நடந்து 2023இல் வெளியான சோதனையில், சிறிய வலைச் சேவையகம் (சர்வர்) ஒன்றைப் புதிதாக எழுதும் வேலையை அதன் துணையுடன் செய்தவர்கள் சுமார் 56 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். ஆனால் 2025இல் மெட்ர் (METR) என்ற ஆய்வு அமைப்பு, தாங்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய பெரிய திட்டங்களில் வேலைசெய்த 16 நிரலாளர்களிடம் 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியவற்றுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரமே பிடித்தது. முடித்த பிறகும் அவர்கள் தங்கள் வேலை 20 விழுக்காடு விரைவுபட்டதாகவே நம்பினார்கள். ஆக, விடுதிக்குப் புதிதாக ஒரு பதிவேடு செய்யும்போது கிடைக்கும் வேகம், தோலைத் துண்டுக் கணக்கில் வாங்கிச் சதுர அடிக் கணக்கில் விற்கும் நிறுவனத்தின் பத்தாண்டுப் பழைய இருப்புக் கணக்கைத் திருத்தும்போது கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் கணக்கின் நெளிவுசுளிவுகள் கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருக்கின்றன; அவர் எடுத்துச் சொல்லாதவரை அவை எந்த இயந்திரத்துக்கும் எட்டாதவை.

வேகத்தைவிட முக்கியமானது, தவறு நேர்ந்தால் அது கண்ணில் படுமா என்பது. காலணிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது. அதற்கு முன் ஜோடி 1,000 ரூபாய் வரை 12 விழுக்காடும் அதற்கு மேல் 18 விழுக்காடும் இருந்தன. இப்போது 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. இந்த மாற்றத்துக்கு முந்தைய தரவுகளில் பயின்ற ஒரு செயற்கை நுண்ணறிவு, கேட்ட மாத்திரத்தில் பழைய விகிதத்தைத் தயங்காமல் எழுதிக்கொடுக்கும். 1,800 ரூபாய்க் காலணிக்கு 90 ரூபாய் வரி வரவேண்டிய இடத்தில் 324 ரூபாய் அச்சாகும். நிரல் நிற்காது, பிழைச் செய்தி எதுவும் வராது, பில்லும் அழகாகவே இருக்கும். புதிய விகிதத்தைச் சொல்லிக்கொடுத்த பிறகும், ‘2,500 வரை’ என்பது ‘2,500க்குக் கீழ்’ என்று நிரலில் விழுந்தால், சரியாக 2,500 ரூபாய் விலையுள்ள ஜோடிக்கு 125க்குப் பதில் 450 ரூபாய் வரி ஏறிவிடும். மனிதரும் இதே தவறைச் செய்யக்கூடும். ஆனால் தள்ளுபடிக்கு முந்தைய விலையா, பிந்தைய விலையா என்ற சந்தேகம் வந்தால் அவர் ஆடிட்டரிடம் கேட்பார். இயந்திரமோ பெரும்பாலும் ஒன்றைத் தானே ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும். இரண்டாம் வழியில் அந்த ஊகத்தைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார், மூன்றாவதில் இல்லை.

விடுதியின் சிக்கல் வேறு. அங்கே பணத்தைவிட ஆவணங்களே ஆபத்தானவை: நோயாளியுடன் வந்தவர்களின் ஆதார் நகல், கைபேசி எண், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்ற விவரம். உலாவியின் முகவரிப் பட்டையில் பதிவு எண் 114 என்பதை 115 என்று மாற்றினால் அடுத்தவரின் பதிவு திறந்துகொள்ளும் ஓட்டை, படிக்காமல் ஓடவிடும் நிரல்களில் எளிதாக நுழைந்துவிடும். உரிமையாளர் தம் கணக்கில் நுழைந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரியும். 2021இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாதுகாப்புக் குறை நேரக்கூடிய சூழல்களைத் தேர்ந்து கோபைலட்டை எழுதவைத்த 1,689 நிரல்களில் சுமார் 40 விழுக்காட்டில் அத்தகைய குறைகள் இருந்தன. இன்றைய கருவிகள் அன்றையதைவிடத் தேர்ந்தவை என்றாலும் பொறுப்பு இடம் மாறவில்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அது கேள்வி கேட்பது தரவைத் திரட்டிய விடுதியைத்தான், நிரல் எழுதித் தந்த கருவியை அல்ல.

முதல் வழிக்கும் ஒரு பெரிய பலவீனம் உண்டு. காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடும் நிரலாளரோடு மென்பொருளின் சூட்சுமமும் போய்விடுகிறது. அடுத்து வருபவருக்குப் பழைய நிரலை விளக்கிச் சொல்வதில் செயற்கை நுண்ணறிவு மிக நன்றாகவே பயன்படுகிறது. எழுதுவதைவிட இதில்தான் அதன் அருமை தெரிகிறது என்பது என் கருத்து.

எனவே இரண்டாம் வழியையே தேர்வேன். ஒருமுறை எக்செல் கோப்பை மாற்றிவிட்டுத் தூக்கிப் போடும் சில்லறை வேலைகளுக்கு மூன்றாவது போதும். ஆனால் இரண்டாம் வழியிலும் வரிக்கணக்குச் சோதனைகளை ஆடிட்டர் தரும் மாதிரி பில்களைக் கொண்டே முதலில் எழுதிவிட வேண்டும். நிரலையும் அதற்கான சோதனையையும் ஒரே இயந்திரத்திடம் விட்டால் ஒரே தவறு இரண்டிலும் உட்கார்ந்துகொள்ளும். நிரலும் சேவையகக் கணக்கும் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நடப்புத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை, தானே நிரல் எழுதி ஓட்டும் எந்தச் செயற்கை நுண்ணறிவு முகவரிடமும் (ஏஜென்ட்) கொடுக்கக் கூடாது: 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிரலாக்கத் தளத்தின் முகவர், எதையும் மாற்றாதே என்ற கட்டளையை மீறி ஒரு பயனரின் நடப்புத் தரவுத்தளத்தையே அழித்தது.