பேசப் பழக்கும் இரண்டு நாள் பயிற்சி: அந்த நாடகக்காரருக்காகவே போகலாம்

நோயாளியிடமும் வீட்டுக்காரர்களிடமும் எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் எழும்பூரில் ஒரு பயிற்சி நடக்கிறது. எங்கள் ஐசியூவிலிருந்து இரண்டு ஜூனியர் டாக்டர்களோடு என்னையும் அனுப்பினார்கள். ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் நகர்ந்ததும், "சிஸ்டர், டாக்டர் என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று சொந்தக்காரர்கள் மடக்குவது எங்களைத்தானே. அதனால் ஆசையாகவே போனேன்.

முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடு. நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று அமெரிக்காவில் 1984-இல் வந்த ஆய்வைச் சொன்னபோது மட்டும் ஹால் விழித்துக்கொண்டது. "நம்ம ஓபிக்கு அதுவே தாராளம்" என்றார் பின்வரிசையில் ஒருவர். 2019 பேட்ச் முதல் எம்பிபிஎஸ் பாடத்திலேயே 'ஏட்காம்' (நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதம், நெறிமுறை, பேச்சு பற்றிய பாடம்) என்று இதெல்லாம் இருப்பதால், சின்னப் பிள்ளைகளுக்குப் படித்ததையே திரும்பப் படித்த கதைதான்.

மத்தியானம்தான் விஷயமே. நோயாளியாக நடிக்க ஆள் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் 1963-லேயே தொடங்கிவிட்டாராம். இங்கே வந்தவர் நாடகத்தில் நடிப்பவர். வென்டிலேட்டரில் இருப்பவரின் மகனாக, கையில் பிளாஸ்க்கோடு வந்து நின்றார். எங்கள் ஜூனியர், "சாச்சுரேஷன் டிராப் ஆகுது, இனோட்ரோப் ஏத்தியிருக்கோம், ப்ராக்னோசிஸ் பூர்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். அப்பா பிழைப்பது கஷ்டம் என்பதுதான் அதன் அர்த்தம். நாடகக்காரர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "சரிங்க டாக்டர். ராத்திரிக்கு இட்லி கொடுக்கலாமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் வேஷத்தை விட்டு வெளியே வந்து, "நீங்க ஃபைலைப் பார்த்தே சொன்னீங்க சார், வேற யாரோட கேஸோன்னு நினைச்சேன்" என்றார். இரண்டாம் தடவை ஜூனியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பாவைப் பத்தி இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார். இந்த ஒரு மணி நேரத்துக்கே காசு கொடுக்கலாம்.

இரண்டாம் நாள் 'ஸ்பைக்ஸ்'. கெட்ட செய்தி சொல்ல, புற்றுநோய் டாக்டர்களுக்காக 2000-இல் வெளிவந்த ஆறு படி முறை. அதில் மூன்றாவது படி, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்பது. நம் ஊரில் அதற்குள் மகள் வாசலிலேயே நிறுத்தி, "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். "ஃபேமிலி மீட்டிங் வைங்க" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் நாங்கள் முட்டிக்கொள்ளும் இடமே அதுதான்! பாதி நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். ஸ்லைடைக் குறைத்தாலே நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, இரண்டாம் நாள் நர்ஸ்களைத் தனிக் குழுவாகப் பிரித்துவிட்டார்கள். டாக்டர் சொல்வதும் சிஸ்டர் சொல்வதும் முரணாக இருந்தால் சண்டை வருவது வார்டில்தான். சேர்த்தே உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பாடு சுமார். ஏசி குளிர் தாங்காது, சால்வை எடுத்துப் போங்கள். பார்க்கிங் கிடையாது, எழும்பூர் மெட்ரோவில் இறங்கி நடப்பதே மேல். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அதில் மூன்று அந்த நாடகக்காரருக்கு.