14,500 ரூபா குடுத்துக் கறள் வாங்கினன்: மாரிக்கு பைக்கை வெளியில விடுறவங்க வாசிங்க

கையில இன்னும் பெற்றோல் மணம். கழுவிட்டு ஆறுதலா எழுதலாம்தான், ஆனா அதுக்குள்ள கோபம் ஆறிப்போயிரும். ஆறவிட எனக்கு விருப்பமில்ல. போனது 14,500 ரூபா. மழைக்கு பைக்கைக் காப்பாத்துறது எப்படி எண்டும் கடைசியில எழுதுறன், முதல்ல இதக் கேளுங்க.

கடையிட பேர் போட மாட்டன். போட்டா நாளைக்கு வாசல்ல ஆள் வந்து நிக்கும், அந்தத் தலையிடி வேணாம். பைக் கழுவி, பொலிஷ் அடிச்சு, 'கோட்டிங்' எண்டு ஒண்டு செய்து குடுக்கிற வகை இடம். பளபளப்பா தரை, கண்ணாடிக் கதவு, உள்ள ஏசி. அந்த வகை இடங்கள் இப்ப கனக்க முளைச்சிருக்கு, எது எண்டு நீங்களே யோசிச்சுக் கொள்ளுங்க.

நான் இருக்கிறது மட்டக்களப்பு கல்லடியில. ஒரு பக்கம் வாவி, மத்தப் பக்கம் கடல், நடுவில நாங்க. வீட்டு யன்னல் கம்பியே மூணு வருசத்தில உதிரும். வாடகை வீடு, போட்டிக்கோ இல்ல, பைக் முத்தத்தில மாமரத்துக்குக் கீழதான் நிக்கும். 2013 பல்சர். 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு பழைய பைக்கெல்லாம் தங்க விலைக்குப் போனது தெரியும்தானே. 2025ல திரும்ப விட்டாங்க, ஆனா புதுசு எடுக்கிற அளவுக்கு என்ட சம்பளம் இல்ல. இருக்கிறத இன்னும் அஞ்சு வருசம் ஓட்டுவம் எண்டுதான் ஐப்பசி கடைசியில அங்க போனன்.

அந்த மனுசன் கதைச்ச விதத்தச் சொல்லணும். வெள்ளை சேர்ட்டு, நல்ல களிசான். ஈரத் தரையில அப்படியே குந்தினார். போன் லைட்ட அடிச்சு, பின் மட்காட்டுக்குக் கீழ விரல விட்டுத் தடவி, அந்த விரல என்ட முகத்துக்கு நேர நீட்டினார். விரல் நுனி முழுக்கக் கபிலம். "மனே, இது மழை இல்ல, உப்பு. இந்த மாரியோட உங்கட சேசிஸ் முடிஞ்சிரும். நான் யாவாரத்துக்குச் சொல்லல்ல" எண்டார். உப்பு எண்டது உண்மைதான். அதாலதான் மத்ததெல்லாத்தையும் நம்பினன். பிளேன்டி வந்திச்சு. எந்த இடம், அப்பா ஆரு எண்டு கேட்டார். சொன்னன். "அட, அவர்ர மகனா? எங்களுக்குப் படிப்பிச்சவரல்லவா!" எண்டு முதுகில தட்டினார். என்ட அப்பா வாழ்நாள் முழுக்க மீன்வாடியில கணக்கெழுதின மனுசன், ஒரு பள்ளிக்கூடத்திலயும் படிப்பிக்கல்ல. இது எனக்கு உறைச்சது காசக் கட்டிட்டு கல்லடிப் பாலத்தில வரக்குள்ள. அப்பயும் சிரிச்சிட்டுத்தான் வந்தன், ஆளை மாறி நினைச்சிட்டார் போல எண்டு.

அடியில ரெண்டு கோட் கறுப்புக் கோட்டிங் 9,500. வெள்ளி உள்பக்கம் வச்ச கவர் 5,000. மொத்தம் 14,500. "அஞ்சு வருசத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனா என்னக் கேளுங்க." கேட்டனே! அதுக்குப் பிறகு வாறன்.

கார்த்திகையில மழை பிடிச்சிச்சு. எங்கட மழையப் பத்தி எங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, வருசத்து மழையில பாதிக்கு மேல இந்த மூணு மாசத்துக்குள்ள கொட்டித் தீர்த்துரும். ஆறு நாள் விடாமப் பெய்தது. நான் கவரப் போட்டு, அடியில கயிறும் கட்டி, நிம்மதியா பஸ்ஸில வேலைக்குப் போனன். அம்மா மட்டும் "இறுக்கி மூடாத மனே, அவியும்" எண்டா. 1978 சூறாவளியக் கண்ட மனுசி. அந்தக் காலத்தில அப்பாட சைக்கிள கிடுகு மறைப்புக்குள்ளதான் விடுறதாம், நாலு பக்கமும் காத்துப் போகுமாம். நான் கேட்டாத்தானே.

ஏழாம் நாள் வெயில் எறிச்சுது. கவரத் தூக்கினன். சோத்துப் பானை மூடியத் திறந்த மாதிரி உள்பக்கம் முழுக்க முத்து முத்தாத் தண்ணி. தையல் வழிய மழை உள்ள இறங்கியிருக்கு, தையலுக்கு மேல ஒட்டுற பட்டியே இல்ல. மண்ணில இருந்து ஏறின ஆவியும் வெளியில போக வழியில்லாம அங்கயே நிண்டு திரும்ப பைக்கிலயே வடிஞ்சிருக்கு. முன் டிஸ்க் செம்மஞ்சள். செயின் தடி மாதிரி விறைச்சு நிக்குது. சைலன்சர் வளைவில புள்ளி புள்ளியாக் கறள். ஒரு மாரி முழுக்க நனைஞ்ச பைக்கும் இப்படி ஆகாது, நான் பத்து வருசம் நனைய விட்டவன்.

மறுகா அந்தக் கோட்டிங். மட்காட்டுக்குக் கீழ ஒரு இடம் உப்பி நிண்டுது. பெருவிரல் நகத்தால மெல்லக் கீறினன். காய்ச்சின பாலில ஏடு எடுக்கிற மாதிரி உள்ளங்கையளவு அப்படியே கழண்டு வந்திச்சு. அதுக்குப் பின்னால காயாத சேறு. நான் செங்கலடிப் பக்கம் போய் வந்த அதே சிவப்புச் சேறு, கழுவாம, கறளச் சுரண்டாம, அதுக்கு மேலயே அடிச்சு விட்டிருக்கான். தண்ணி உள்ள போகாம இருக்க அடிச்சதாம், உள்ள நிண்ட தண்ணிய வெளிய விடாம அடைச்சு வச்சிருக்கு.

பைக் ஸ்டார்ட் எடுக்கல்ல. எங்கட தெருவில பழைய மெக்கானிக் ஐயா ஒராள் இருக்கார். காபரேட்டருக்குக் கீழ இருக்கிற ஆணியக் கழட்டி ஒரு ஜாம் போத்தலுக்குள்ள விட்டார். கொஞ்ச நேரம் வச்சுப் பார்த்தா மேல பெற்றோல், கீழ ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி, நடுவில கோடு போட்ட மாதிரிப் பிரிஞ்சு நிக்குது. டேங்க் மூடியச் சுத்தி விழுற மழைத்தண்ணி இறங்க ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அவங்கட பொலிஷ் மெழுகு அதுக்குள்ள போய் இறுகி அடைச்சிட்டு. தேங்கின தண்ணி டேங்குக்குள்ள. ஐயா ஊசியால ஒரு குத்துக் குத்தினார், அவ்வளவுதான். கூலிக்கு 1,200 வாங்கினார், அதையும் வேண்டாம் எண்டுதான் முதல்ல சொன்னார்.

இனிக் கேட்ட கதை. முதல் நாள் போன் எடுத்தன், "அண்ணன் கொழும்புக்குப் போயிட்டார், வந்தோன்ன எடுப்பார்." ரெண்டாம் நாளும் கொழும்பு. மூணாம் நாள் நேர போனன். கொழும்பில நிக்கிற அண்ணன் கண்ணாடிக் கதவுக்குள்ள இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருக்கார். என்னத் தெரியாத மாதிரிப் பார்த்தார். அப்பாவ நான்தான் ஞாபகப்படுத்தினன், வாத்தியாரிட மகன் எண்டு! முகம் அசையல்ல. கழண்ட கோட்டிங்கப் பேப்பரில சுத்திக் கொண்டு போயிருந்தன், மேசையில வச்சன். "நீங்க நகத்தால கிண்டினா எது தம்பி நிக்கும்?" மனே போய்த் தம்பியாச்சு. கவர்? "அது நாங்க செய்யிறதில்ல, வெளியில இருந்து வாறது." தண்ணி? "மழைக்கு நானா பொறுப்பு?" பில்ல நீட்டினன். அப்பதான் நானும் ஒழுங்காப் பார்த்தன்: கடைப் பேர் இல்ல, சீல் இல்ல, கொப்பித்தாள் துண்டில 'சேர்விஸ் 14,500' எண்டு மட்டும். அஞ்சு வருசத்தக் காணல்ல. வட்ஸ்அப்பில படங்கள் அனுப்பினன், ரெண்டு நீலக் கோடு விழுந்திச்சு, இண்டைக்குக் காலையில பார்த்தா புரொஃபைல் படமே தெரியல்ல. புளொக்.

சரி, எழுதுறன் எண்டு சொன்னது. கவரால பைக்கப் போர்த்தி மூடாதீங்க. நாலு மூலையிலயும் கயிறு கட்டித் தறப்பாள மேல இழுத்து விடுங்க, பக்கமெல்லாம் திறந்து கிடக்கட்டும். கவர்தான் போடுறதெண்டா மழை விட்டோன்ன கழட்டுங்க, சைலன்சர் சூடா இருக்கக்குள்ள போடாதீங்க. நல்ல தண்ணியால உப்பக் கழுவி, பழைய சாரத்தால துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விடுங்க, டிஸ்க்கில மட்டும் பட்டிரக் கூடாது. ஸ்டாண்டுக்குக் கீழ பலகைத் துண்டு வைங்க, இல்லாட்டி ஈர மண்ணில இறங்கிச் சரியும். டேங்க் ஓட்டையப் பாருங்க. கோட்டிங் அடிக்கிறான் எண்டா முதல்ல கழுவிக் காய வச்சுக் கறளச் சுரண்டுறானா எண்டு பக்கத்தில நிண்டு பாருங்க, பிளேன்டி குடிக்க உள்ள போகாதீங்க. பில்லில கடைப் பேரும் எத்தின வருசம் எண்டதும் எழுத்தில இருக்கணும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிட நம்பர் 1977, முறைப்பாட்ட மூணு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கணும். நான் அந்தக் கொப்பித்தாள் துண்டோடதான் குடுக்கப் போறன், பார்ப்பம்.

இன்னும் எழுதலாம், ஆனா கடல் பக்கம் இருட்டிட்டு வருது. 5,000 ரூபாக் கவர அம்மா விறகுக்கு மேல போட்டிருக்கா. விறகும் நனைஞ்சு போய்த்தான் கிடக்கு.